ஆன்லைன் வகுப்பில் “இது என் வகுப்பு” என்ற ஒட்டுதல் பிள்ளைகளுக்கு எப்படி வரும்?

சாக்பீஸ் (கேள்வி)

வணக்கம். எட்டாம் வகுப்பு, 38 பேர், முழுக்க ஆன்லைன். 40 நிமிஷப் பாடவேளை, நாளுக்கு நான்கு. அட்டெண்டன்ஸில் குறையில்லை, வீட்டுப்பாடமும் வந்துவிடுகிறது. ஆனால் வகுப்பில் உயிர் இல்லை. கேமரா எல்லாம் அணைந்தே இருக்கும். கேள்வி கேட்டால் அதே ஐந்து பேர்தான் பதில் சொல்வார்கள். “இன்றைக்கு இவ்வளவுதான்” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் முக்கால்வாசிப் பேர் போயிருப்பார்கள். வருஷத்தின் நடுவில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அவர்கள் பெயராவது மற்ற பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று சந்தேகம்.

பெயர் போடாமல் மனதில் இருப்பதை எழுதச் சொன்னபோது வந்த ஒரு வரி: “நான் லிங்க்கைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாலும் யாருக்கும் தெரியாது.”

வெள்ளிக்கிழமை விளையாட்டு, வினாடி வினா, பிறந்தநாள் பாட்டு எல்லாம் நடக்கிறது. அந்த அரைமணி நேரம் சிரிக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி அதே மௌனம். எதை மாற்ற வேண்டும்? பாடநேரத்தை அதிகம் தின்னாமல், வகுப்பாசிரியர் ஒருவர் தனியாகவே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள். கேமராவைக் கட்டாயமாக்கலாம் என்று ஒரு யோசனையும் ஓடுகிறது. அது சரியா?

---

மூன்றாம்மணி

டீச்சர், அந்தப் பிள்ளை எழுதிய வரியிலேயே குறை என்ன என்பது இருக்கிறது. விளையாட்டு போதவில்லை என்று அது எழுதவில்லையே. “நான் போனாலும் தெரியாது” என்கிறது. ஒரு பிள்ளைக்கு வகுப்போடு ஒட்டுதல் வர இரண்டு நம்பிக்கை வேண்டும்: நான் வராவிட்டால் யாராவது கவனிப்பார்கள், நான் வராவிட்டால் ஏதாவது ஒரு வேலை தடைபடும். இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு பாட்டுப் பாடினாலும் விருந்தாளி மாதிரித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளிக் கட்டடம் இதை நாம் கேட்காமலே செய்து கொடுத்தது. பக்கத்து பெஞ்ச், தண்ணீர்க் குழாயில் நிற்கும் வரிசை, கடன் வாங்கிய ரப்பர், வராண்டாவில் எதிரே வரும் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஆன்லைனுக்குப் பாடம் மட்டும்தான் வந்து சேர்ந்தது. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் இருந்ததெல்லாம் வழியில் உதிர்ந்துபோனது. ராய் பவுமைஸ்டர், மார்க் லியரி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் எழுதிய கட்டுரையில் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: மனிதருக்கு ஒட்டுதல் வர அதே சில பேரோடு, அடிக்கடி, நீடித்த பழக்கம் வேண்டும், ஒருவர் நலனில் ஒருவருக்கு அக்கறை வேண்டும். வெள்ளிக்கிழமை விளையாட்டு வாரத்துக்கு ஒருமுறை, 38 பேரோடும் ஒரே நேரத்தில். அடிக்கடி என்பதும் இல்லை, அதே சில பேர் என்பதும் இல்லை. அதனால்தான் திங்கட்கிழமை வரைக்கும் அது தாங்குவதில்லை.

முதலில் பெயர். ஸ்கிரீனில் பிள்ளைகளின் பெயர் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். “அப்பா ஃபோன்”, ஃபோன் மாடல் எண், அண்ணன் பெயர், வெறும் ஓர் எழுத்து. அப்படியானால் பாதி வகுப்புக்கு மீதி வகுப்பின் பெயர் தெரிய வழியே கிடையாது. ஒரு பாடவேளையில் பத்து நிமிஷம் ஒதுக்கி எல்லோரும் பெயர் மாற்றும் வரை உடன் இருங்கள்: வரிசை எண், பிறகு அவர்கள் விரும்பும் கூப்பிடு பெயர். ரிஜிஸ்டரில் உள்ள பெயரைத் திணிக்காதீர்கள். கணக்கில் லாகின் செய்யாமல் லிங்க் வழியாக நுழையும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் பழைய பெயரே திரும்பி வரலாம். அதனால் முதல் இரண்டு வாரம் வகுப்பைத் தொடங்கும்போதே ஒரு லீடரை விட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். ஆனால் வருஷம் முழுக்க இன்னொருவர் பெயருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் “இது உன் வகுப்பு” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்தது முதல் ஐந்து நிமிஷம். நாளின் முதல் பாடவேளையில் மட்டும், “பிரசன்ட்” என்பதற்குப் பதிலாக ஒரு வார்த்தைப் பதில் வாங்குங்கள். “உன் ஜன்னலுக்கு வெளியே இப்போது கேட்கும் ஒரு சத்தம்?” “நேற்றைய பாடத்தில் வாயில் நுழையாத சொல்?” 38 பேர் ஆளுக்கு நான்கு விநாடி என்றால் இரண்டரை நிமிஷம். நடைமுறையில் ஐந்தாகிவிடும், ஏனென்றால் பெயரைக் கேட்ட பிறகுதான் மியூட்டை எடுப்பார்கள். இரண்டு பெயராகக் கூப்பிடுங்கள்: “கவிதா, அடுத்து ரஹீம்.” கவிதா சொல்லும்போதே ரஹீமின் மைக் திறந்திருக்கும். இதனால் கிடைக்கும் பலன் பெரிது. அன்றைக்கு ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டாவது முறை பேசுவது அவ்வளவு கஷ்டமில்லை. முதல் பாடவேளை முழுக்க மியூட்டில் இருந்துவிட்டால் நான்காவது பாடவேளையில் அந்த மைக் பட்டன் மலையாகத் தெரியும்.

கேட்கும் கேள்வியில் கவனம் வேண்டும். “இன்று என்ன சாப்பிட்டாய்”, “லீவில் எங்கே போனாய்”, “உன் அறையைக் காட்டு” எல்லாம் வீட்டு நிலைமையை வெளியே இழுத்துப் போடும் கேள்விகள். தனி அறை இல்லாத பிள்ளை அன்றோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும். “மனசு எப்படி இருக்கிறது” என்று 38 பேர் முன்னால் கேட்பதும் வேண்டாம். எல்லோரும் “நல்லா இருக்கேன் மிஸ்” என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது, வராத பிள்ளை. இதுதான் இருப்பதிலேயே பலமான கருவி, பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். வராதவர்களுக்கு அன்றைக்கே செய்தி போகவேண்டும். மறுநாள் போனால் அது விசாரணை ஆகிவிடுகிறது. வாசகமும் முக்கியம். “ஏன் வரவில்லை?” என்பது குற்றப்பத்திரிகை. இப்படி அனுப்பிப் பாருங்கள்:

“ரஹீம், இன்று மூன்றாம் பாடவேளையில் நீ இல்லை. உன் குழு நாலாவது கணக்கில் மாட்டிக்கொண்டது, நீ இருந்திருந்தால் போட்டிருப்பாய். நோட்ஸ் கவிதாவிடம் இருக்கிறது. நாளைக்கு நேரம் உன் பொறுப்பு, மறக்காதே.”

(குழு, ‘நேரம்’ பொறுப்பு என்பவை என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்.) இதில் காரணம் கேட்கவே இல்லை. கவனித்தோம், உன் இடம் காலியாக இருந்தது, நாளைக்கு உனக்கு வேலை இருக்கிறது என்ற மூன்றும் இருக்கின்றன. இரண்டாம் நாளும் வராவிட்டால் ஃபோன். மூன்றாம் நாள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். முதல் நாளே பெற்றோருக்குப் போட்டால் பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில் அது புகாராக நின்றுவிடும்.

நான்காவது, வேலை. 38 பேரை நிலையான குழுக்களாகப் பிரியுங்கள்: நான்கு பேர் கொண்டவை ஏழு, ஐந்து பேர் கொண்டவை இரண்டு. நான்கு வாரத்துக்குக் குழுவை மாற்றவே வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் நான்கு பொறுப்பு. ஏடு: அன்றைய பாடத்தை ஆறு வரியில் எழுதி, வராதவருக்கு அனுப்புபவர். வாசல்: தன் குழுவில் யார் வரவில்லை என்று பாடம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் ஆசிரியருக்குச் சொல்பவர். குரல்: குழுவின் பதிலை வகுப்பில் சொல்பவர், மைக் இல்லாதவர் சாட்டில் எழுதியதை வாசிப்பவரும் இவரே. நேரம்: குழு வேலையில் கடிகாரம் பார்ப்பவர். வாரம் ஒருமுறை சுழற்றினால் நான்கு வாரத்தில் எல்லோரும் எல்லாம் செய்திருப்பார்கள். ஐவர் குழுவில் ஏட்டுக்கு இரண்டு பேர். அங்கே ஒரு சுற்று முடிய ஐந்து வாரம் ஆகும்.

இது எங்கே கெடும் என்றால், பொறுப்பு பொம்மையாக இருக்கும்போது. ஏடு எழுதாவிட்டாலும் நீங்களே பி.டி.எஃப் அனுப்பிவிடுவீர்கள் என்று தெரிந்த அன்றே அந்த வேலை செத்துவிடும். எனவே ஏடு வராவிட்டால் நிரப்பாதீர்கள். அந்தக் குழுவே கேட்டு வாங்கட்டும். இன்னொன்று, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமே ‘குரல்’ போய்ச் சேர்ந்துவிடும். சுழற்சியை எழுதி ஒட்டிவிட்டால் அந்தத் தகராறு வராது.

---

வயரும்ஒலியும்

கேமரா விஷயத்துக்கு மட்டும் பதில். கட்டாயமாக்காதீர்கள்.

2021-இல் ஃப்ராங்க் காஸ்டெல்லி, மார்க் சர்வாரி இருவரும் கல்லூரி மாணவர்களிடம் கேமராவை ஏன் அணைக்கிறீர்கள் என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்ன காரணம் தங்கள் தோற்றம் பற்றிய கவலை. பின்னால் இருக்கும் ஆட்களும் வீடும் தெரிவது, இணையம் திணறுவது ஆகியவையும் இருந்தன. பதின்மூன்று வயதில் தோற்றக் கவலை எந்த அளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதே வருஷம் ஜெரமி பெய்லன்சன் வீடியோ அழைப்பில் ஏன் இவ்வளவு களைப்பு என்பதற்கு நான்கு காரணம் எழுதினார்: எல்லோரும் நம்மையே கிட்டத்தில் உற்றுப் பார்ப்பது போன்ற நிலை, சைகையையும் முகபாவத்தையும் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது, நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் ஒரே சட்டத்துக்குள் இருப்பது. கட்டாயக் கேமராவில் இந்த நான்கும் சேர்ந்தே வரும்.

டேட்டா கணக்கையும் பாருங்கள். சாதாரணத் தரத்தில் வீடியோ அனுப்ப விநாடிக்கு 600 கிலோபிட் என்று வைத்தால் மணிக்கு 270 எம்.பி. உங்கள் நான்கு பாடவேளை 160 நிமிஷம். அதற்கு 720 எம்.பி., அதுவும் அனுப்புவதற்கு மட்டும். குரல் மட்டும் என்றால் 80 கிலோபிட், மணிக்கு 36 எம்.பி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே இணைப்பில் படித்தால் கேமரா போட்டவுடன் இன்னொருவர் வகுப்பு அறுந்துவிடும். அந்தப் பிள்ளை சோம்பேறி என்று வகுப்பில் பெயர் எடுக்கும்.

மாற்று என்ன? கேமராவை முழு வகுப்பில் தேடாமல் நால்வர் குழுவுக்குள் தேடுங்கள். பிரேக்அவுட் ரூமுக்குள் (வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து அனுப்பும் தனி ஆன்லைன் அறை) போனதும் முதல் ஒரு நிமிஷமும் கடைசி ஒரு நிமிஷமும், விரும்பினால் திறக்கலாம் என்று விடுங்கள். நான்கு பேர் முன்னால் திறக்கிற கூச்சமும் 38 பேர் முன்னால் திறக்கிற கூச்சமும் ஒன்றல்ல. தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி ஜூமிலேயே இருக்கிறது: தன் வீடியோ கட்டத்தில் மூன்று புள்ளியை அழுத்தினால் சுயபார்வையை மறைக்கும் தேர்வு வரும். மற்றவர்களுக்கு முகம் தெரியும், தனக்கு மட்டும் தெரியாது. இதை ஒருமுறை எல்லோருக்கும் செய்து காட்டுங்கள். பல பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கறுப்புக் கட்டங்களுக்கு: ஆளுக்கு ஒரு படம் வரைந்து, ஃபோட்டோ எடுத்து புரொஃபைல் படமாக வைக்கச் சொல்லலாம். தன் முகம் வேண்டாம். தன் பென்சில் பெட்டி, தன் கையெழுத்தில் பெயர், எதுவானாலும் சரி.

பிரேக்அவுட் ரூமில் தவறுகிற இடங்கள் நாலைந்து உண்டு. மென்பொருளின் தானியங்கிப் பிரிப்பை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் புது முகங்கள். அறிமுகத்திலேயே நேரம் போய்விடும், அதனால் யாரும் பேச மாட்டார்கள். இரண்டு பேர் ரூம் வேண்டாம். ஒருவருக்கு இணைப்பு போனால் மற்றவர் காலி அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார், அது தனிமையிலேயே மோசமான தனிமை. நான்கில் ஒருவர் போனாலும் மூவர் இருப்பார்கள். மூன்று நிமிஷ ரூம் வீண். உள்ளே போய், ஆடியோ பிடித்து, யார் முதலில் என்று பார்ப்பதற்கே ஒன்றரை நிமிஷம் ஆகிவிடும். எட்டு நிமிஷமாவது கொடுங்கள். முன்கூட்டியே குழு ஒதுக்கும் வசதி ஜூமில் பிள்ளையின் கணக்கு மின்னஞ்சலை வைத்துத்தான் வேலை செய்யும். பெற்றோர் ஃபோனில், லாகின் இல்லாமல் வரும் பிள்ளைகளை அது கண்டுபிடிக்காது. எனவே ரூமுக்கு 1 முதல் 9 வரை எண் போட்டு, பிள்ளைகளே தங்கள் ரூமைத் தேர்ந்து நுழையும் தேர்வை வையுங்கள். நாலு நாளில் பழகிவிடும். ரூமுக்குள் என்ன செய்யவேண்டும் என்பதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். உள்ளே போனதும் வழக்கமாக உங்கள் ஸ்கிரீன் அவர்களுக்குத் தெரியாது. பொது டாக்குமென்ட்டில் குழு எண்ணின் கீழே கேள்வி எழுதியிருக்கட்டும், பதிலும் அங்கேயே வரட்டும்.

---

பள்ளிக்கவுன்சிலர்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் யாருக்கு ஒட்டுதல் இல்லை என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஏற்கெனவே நண்பர்கள் உள்ள பிள்ளைக்குத்தான் அது மேலும் பலனளிக்கும். ஆகவே முதலில் அளந்து பாருங்கள்.

இதற்கென்றே அளவுகோல்கள் இருக்கின்றன. கரோல் குடெனாவ் 1993-இல் வெளியிட்டது 18 வாக்கியங்கள் கொண்டது, ஐந்து படிநிலையில் பதில். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வுகளில் பதினைந்து வயது மாணவர்களிடம் கேட்கப்படுவது ஆறே வாக்கியங்கள்: பள்ளியில் ஒதுக்கப்பட்டவனாக உணர்கிறேன், எளிதில் நண்பர்கள் கிடைக்கிறார்கள், இந்தப் பள்ளியைச் சேர்ந்தவன் என்று உணர்கிறேன், பள்ளியில் கூச்சமாகவும் பொருந்தாமலும் இருக்கிறது, மற்றவர்களுக்கு என்னைப் பிடிக்கிறது, பள்ளியில் தனிமையாக இருக்கிறது. மூன்று நேராகவும் மூன்று எதிராகவும் இருப்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை டிக் அடித்துவிட்டுப் போகும் பிள்ளையை இதை வைத்துப் பிடித்துவிடலாம். உங்களுக்கு ஐந்து வாக்கியம் போதும், நான்கு படிநிலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள். வாராவாரம் கேட்டால் சலித்துப்போய் முதல் கட்டத்தையே அழுத்துவார்கள்.

சராசரியைப் பார்க்காதீர்கள். 38 பேரில் 30 பேர் நன்றாக இருந்தாலே சராசரி அழகாக வந்துவிடும். கீழே இருக்கும் ஐந்தாறு பேர்தான் உங்கள் வேலை. அதனால் இந்தப் படிவத்தில் பெயர் இருக்கவேண்டும். பெயர் இருக்கும், ஆசிரியர் ஒருவர்தான் பார்ப்பார் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பெயரில்லை என்று சொல்லிவிட்டு மின்னஞ்சல் பதிவாகும் படிவம் அனுப்புவது துரோகம். ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் உண்மை வராது.

இதோடு ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: “பாடத்தில் சந்தேகம் வந்தால் இந்த வகுப்பில் யாரிடம் கேட்பாய்? மூன்று பெயர்.” பதில்களை ஒரு தாளில் வட்டமும் அம்புக்குறியுமாகப் போடுங்கள். ஜேக்கப் மொரேனோ 1930-களில் கொண்டுவந்த சோசியோகிராம் இதுதான். அரைமணி நேர வேலை. யார் பக்கம் ஓர் அம்பும் வரவில்லையோ, யார் தன் தாளில் ஒரு பெயர்கூட எழுதவில்லையோ அவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த வாரமே ஃபோன் செய்யுங்கள். “யாரோடு சேர விருப்பமில்லை” என்று எப்போதும் கேட்காதீர்கள். கேள்வியே பிள்ளைகள் மனதில் ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுத்துவிடும்.

குழு பிரிக்கும்போது தனித்திருக்கும் பிள்ளையை வகுப்பிலேயே எல்லோருக்கும் பிடித்த பிள்ளையோடு சேர்ப்பது வழக்கம். பெரும்பாலும் அது பலிக்காது. பிடித்த பிள்ளைக்கு ஏற்கெனவே ஆட்கள் நிறைய, கவனம் சிதறும். தனித்த பிள்ளை யார் பெயரை எழுதியதோ அவரோடு சேருங்கள். அவர் பதிலுக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பேசாத பிள்ளை எல்லாம் ஒட்டாத பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வாய் திறக்காமலே வகுப்போடு இருக்கும் பிள்ளைகள் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு: எப்போதும் சரியாகப் பாடம் தொடங்கும் நொடியில் நுழைந்து முடியும் நொடியில் போவது, சாட்டில் ஆசிரியருக்கு மட்டும் எழுதுவது, குழு டாக்குமென்ட்டில் மற்றவர்கள் போன பிறகு வந்து எழுதுவது, வேறு எந்தப் பிள்ளையும் அந்தப் பெயரை வாயால் சொல்லாமலிருப்பது. கடைசியாகச் சொன்னது ஒரு வாரம் காதைத் தீட்டிக் கேட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, அதிகம் பேர் அறியாதது. “எனக்கு மட்டும்தான் இங்கே பொருந்தவில்லை” என்ற எண்ணம்தான் பிள்ளையை உள்ளே அரிக்கும். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் செய்த ஒருமணி நேரப் பயிற்சி ஒன்று 2011-இல் வெளியானது. சீனியர்கள் எழுதிய அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருந்தது, போகப்போகச் சரியானது’ என்பது சாரம். பிறகு தன் சொந்த அனுபவத்தோடு சேர்த்து, அடுத்து வரப்போகும் மாணவர்களுக்காக எழுதச் சொன்னார்கள். அதில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது தெரியவந்தது. நமக்கு வேண்டியது அதன் நுட்பம்: பிள்ளையை உதவி பெறுபவராக வைக்காமல், உதவி செய்பவராக உட்கார வைத்தார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் அரைப்பக்கம் வாங்குங்கள். “ஆன்லைனில் முதல் மாதம் எது கஷ்டமாக இருந்தது, எப்போது மாறியது, எதனால்?” கஷ்டம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கவேண்டும். “எல்லாம் நன்றாக இருக்கும், தைரியமாக இரு” என்ற அறிவுரைக் கடிதமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதனால் பயனில்லை.

---

சிறப்புக்கல்வி

முதல் பதிலில் உள்ள குரல் அட்டெண்டன்ஸுக்கு ஒரு திருத்தம். திக்குவாய் உள்ள பிள்ளைக்கு, வரிசையாகத் தன் முறை நெருங்கி வருவது கத்தி இறங்குவது மாதிரி. சத்தமான வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அப்படியே. தொடக்கத்திலேயே மூன்று வழியையும் எல்லோருக்கும் திறந்து வையுங்கள்: குரல், சாட், கைச்சின்னம். “உனக்கு மட்டும் சாட் போதும்” என்று விலக்குக் கொடுத்தால் அந்தப் பிள்ளை இன்னும் தனித்துத் தெரியும். வாரத்தில் ஒருநாள் வகுப்பு முழுக்கவே சாட்டில் பதில் சொல்லட்டும்.

செவித்திறன் குறைந்த பிள்ளை இருந்தால்: வெளிச்சம் உங்கள் முகத்துக்கு முன்னாலிருந்து வரவேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உதடு தெரியாது. ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர். பேசுபவர் முதலில் தன் பெயரைச் சொல்லவேண்டும்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரமும் இதோடு சேர்ந்ததுதான். 1970-களில் மேரி பட் ரோ வகுப்பறைகளில் பதிவுசெய்து பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். ஆன்லைனில் ஒலி வந்துசேரும் தாமதம், மியூட் எடுக்கும் நேரம் இரண்டையும் கூட்டினால் எட்டு விநாடியாவது வேண்டும். மனதுக்குள் எட்டு வரை எண்ணுங்கள். “அதே ஐந்து பேர்” பேசுவதற்குப் பாதிக் காரணம் அவர்கள் விரல் வேகம்தான்.

---

சாக்பீஸ்

எல்லோருக்கும் நன்றி. எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று சந்தேகம். ஒன்று, தனித்தனியாகப் பேச 38 பேருக்கு நேரம் எங்கே? இரண்டு, பிரேக்அவுட் ரூமில் ஆள் இல்லாதபோது கேலி, வம்பு நடந்தால்? மூன்று, நடுவில் வந்த ஆறு பேரை எங்கே தொடங்குவது?

---

மூன்றாம்மணி

நேரம்: நாளுக்கு ஐந்து பிள்ளை, ஆளுக்கு மூன்று நிமிஷம். பதினைந்து நிமிஷம்தான். எட்டு வேலைநாளில் 38 பேரும் முடிந்துவிடும், பிறகு முதலிலிருந்து. மதிப்பெண் பேசாதீர்கள். போன முறை பிள்ளை சொன்ன ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள்: “தாத்தாவுக்கு இருமல் என்றாயே, குறைந்ததா?” அதற்கு நினைவை நம்பக்கூடாது. பேசி முடித்ததும் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதி வைக்கவேண்டும். அந்த நோட்டு வேறு யார் கையிலும் போகக்கூடாது.

தனியாக வீடியோ அழைப்பு வேண்டாம். பெற்றோருக்குத் தெரிந்த நேரத்தில், வீட்டு எண்ணுக்குக் குரல் அழைப்பு. பள்ளியில் இன்னொரு பெரியவருக்கு உங்கள் அழைப்புப் பட்டியல் தெரிந்திருக்கட்டும்.

---

வயரும்ஒலியும்

ரூம்: ஒன்பது ரூமையும் எட்டு நிமிஷத்தில் சுற்றிவர முடியாது. நாளுக்கு நான்கு ரூமுக்குள் போங்கள், எந்த நான்கு என்று முன்னால் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குள் தனிச்செய்தி அனுப்பும் வசதியை அமைப்பிலேயே நிறுத்திவிடுங்கள். வம்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். உதவி கேட்கும் பட்டனை முதல் நாளே எல்லோரையும் ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். அப்போதுதான் நிஜமாக அழுத்தும்போது யார் அழுத்தினார் என்று மற்றவர்கள் கண்ணில் படுமோ என்ற பயம் போகும்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள்: பிள்ளைகள் தாங்களே நடத்தும் வாட்ஸ்ஆப் குழு. உங்கள் வகுப்பில் ஒன்று கட்டாயம் இருக்கும், அதில் யாராவது சிலர் இருக்க மாட்டார்கள். சொந்த ஃபோன் இல்லாதவர்கள், நடுவில் வந்தவர்கள். வாட்ஸ்ஆப்புக்குக் குறைந்தபட்ச வயது 13 என்பதால் எட்டாம் வகுப்பில் சிலர் அதற்குள்ளேயே வரமாட்டார்கள். அந்தக் குழுவை ஒழிக்கப் போகாதீர்கள், இன்னும் மறைவாகப் போய்விடும். வகுப்புத் தளத்திலேயே பாடம் சாராத பேச்சுக்கு ஒரு திரி திறந்து, வீட்டுப்பாட அறிவிப்பு, குழு முடிவு எல்லாம் அங்கே மட்டுமே நடக்கும்படி செய்யுங்கள். பாடம் தொடங்கப் பத்து நிமிஷம் முன்னால் லிங்க்கைத் திறந்து, முடிந்தபின் பத்து நிமிஷம் மூடாமல் வையுங்கள். நீங்கள் உள்ளே இருங்கள், மைக்கை அணைத்துவிட்டு நோட்டுத் திருத்துங்கள். முதல் வாரம் யாரும் வராமல் போகலாம், அதற்காக மூடிவிடாதீர்கள்.

---

பள்ளிக்கவுன்சிலர்

அந்த ஆறு பேர்: ஆறு பேரையும் ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள், அது வகுப்புக்குள் இன்னொரு வகுப்பாகிவிடும். குழுவுக்கு ஒருவராகப் பிரித்து, முதல் வாரம் அவர்களுக்கு ‘வாசல்’ பொறுப்பைக் கொடுங்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று சொல்லவேண்டுமானால் மற்ற மூவர் பெயரும் குரலும் தெரிந்தே ஆகவேண்டும். மற்றவர்களும் அவர் பெயரைச் சொல்லியே “நான் வந்துட்டேன்” என்று சொல்லவேண்டி வரும். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தி அறிமுகம் செய்யவைப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

அடுத்த ஒட்டுதல் படிவம் மூன்றாம் வாரம் போகும் அல்லவா, அதில் இந்த ஆறு பேர் பக்கம் எத்தனை அம்பு வந்திருக்கிறது என்று மட்டும் எண்ணி இங்கே எழுதுங்கள் டீச்சர். ஒருவருக்கும் வராவிட்டால் குழுவை மாற்றவேண்டுமா, பொறுப்பை மாற்றவேண்டுமா என்று அப்போது சேர்ந்து பார்ப்போம்.